கம்பத்தைக் கேட்டுப் பாருங்க

அத்தியாயம் ஏழு

நாலாவது கம்பத்தின் அடியிலும் குழி இருந்தது.

உமர் பாரூக் காரை நிறுத்தினான், இறங்கவில்லை. இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பைக்காரா கரண்டு இந்தப் பக்கம் வந்து இரண்டு மூன்று வருஷந்தான் ஆகிறது. அவிநாசி ரோட்டோரம் புதுக் கருக்கு அழியாமல் நிற்கும் கரண்டுக் கம்பங்களை இவர்களுக்கு முன்னாலேயே யாரோ வரிசையாகத் தோண்டிப் பார்த்திருந்தார்கள்.

"சார், நமக்கு முந்தியே யாரோ தென்னம்பிள்ளை வைக்கக் கிளம்பிட்டாங்க" என்றான். வேடிக்கை பேசினால் பயம் குறையும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. இன்று காலையிலிருந்து எட்டு வேடிக்கை பேசியாயிற்று. ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த துப்பறியும் திருமூர்த்தி பொடி டப்பியைத் தட்டினார். போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறையில் போர்டு மாட்டிக்கொண்டவர். பொள்ளாச்சிப் பக்கத்துப் பிறவி. நாகூரிலிருந்து பிழைக்க வந்த உமரை மூன்று வருஷமாகக் கூட வைத்திருக்கிறார். உமர் கார் ஓட்டுவான், வாய் ஓட்டுவான். தைரியம் மட்டும் ஓட்டமாட்டான்.

பின் ஸீட்டில் சீனிவாசலு. மெட்ராஸ் சட்டசபையில் எதிர்க்கட்சி மெம்பராக இருக்கும் பாலுசாமிக் கவுண்டரின் காரியதரிசி. பல்லாரிக்காரர். மடிப்புக் கலையாத கோட்டு, மெல்லிய குரல், வெள்ளி ஃப்ரேம் கண்ணாடி.

"ஐந்தாவதையும் பார்த்துவிடலாமே? அங்கப்பன் தெளிவாகத்தானே எழுதியிருக்கிறான்" என்றார் அவர்.

அங்கப்பன் எழுதிய தபால் கார்டு இப்போது உமரின் சட்டைப் பையில் இருந்தது. தணல் மாதிரி அங்கே சுட்டுக்கொண்டிருந்தது. காரணத்தைச் சொன்னால் உங்களுக்கும் சுடும்.

போன வருஷப் பஞ்சத்தில் கரட்டுப்புதூர் ஜனங்களுக்கு நிவாரண வேலை கொடுத்ததாகவும், அவர்களை வைத்து மூன்று மைல் ரஸ்தா போட்டதாகவும், அதற்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆனதாகவும் சர்க்கார் சொல்கிறது. ரஸ்தா எங்கே என்று கேட்டால் ஐப்பசி மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். பாலுசாமிக் கவுண்டர் விடவில்லை. எந்தத் தேதியில், எத்தனை பேர் என்று சபையில் கேள்வி போட்டார். அச்சடித்த பதில் வந்தது: 1934, மார்ச் பதினாலு முதல் இருபத்தேழு வரை, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கைநாட்டு, மேஸ்திரி அங்கப்பன்.

நாளைக் காலை பதினொரு மணிக்கு அந்தச் செலவுக்கான மானியம் சபையில் ஓட்டுக்கு வருகிறது. நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி வெட்டுப் பிரேரணை கொடுத்திருக்கிறார் கவுண்டர்.

"நூறு ரூபாய்க்காகவா சார் ஆளைத் தேடித் தேடி அடிக்கிறாங்க?" என்று உமர் நேற்றுக் கேட்டிருந்தான்.

"நூறுங்கறது பேருக்குத்தானப்பா. அதைச் சாக்கா வெச்சு ஒன்பதாயிரத்தையும் மந்திரியை நிக்க வெச்சுக் கேக்கலாம்" என்று திருமூர்த்தி சொன்னார்.

கேட்கலாம்; ஆனால் சாட்சி வேண்டும். சாட்சி இல்லாமல் எழுந்தால் சபையே சிரித்துவிடும், அதற்கப்புறம் அந்த ஒன்பதாயிரத்தைப் பற்றி எவனும் வாயைத் திறக்க மாட்டான். அந்தச் சமயத்தில்தான் மேஸ்திரி அங்கப்பனிடமிருந்து கார்டு வந்தது.

'கவுண்டருங்களுக்கு அங்கப்பன் கும்பிடு. நாங்க ஒருத்தரும் மம்முட்டியத் தொடலீங்க. நம்பிக்கை இல்லீன்னா கம்பத்தைக் கேட்டுப் பாருங்க. என்னையத் தேடறாங்க.'

மறுநாள் கவுண்டர் வீட்டுக் கேட்டில் அங்கப்பனின் தலைப்பாகை தொங்கியது. அதில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. கவுண்டர் மெட்ராஸிலிருந்து தந்தி அடித்தார்: 'எப்பாடுபட்டாவது ஆளைக் கண்டுபிடி.' சீனிவாசலு கார்டை எடுத்துக்கொண்டு திருமூர்த்தியிடம் வந்தது நேற்றுச் சாயங்காலம்.

உமர் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வெகு தூரத்தில் ஒரு புழுதி. காலையில் பட்டணத்தைத் தாண்டும்போதும் அதே புழுதி அதே தூரத்தில் இருந்தது.

"அஞ்சாவது வேண்டாம்" என்றார் திருமூர்த்தி. "உமர், இடது பக்கம் வண்டித்தடத்துல விடு. கரட்டுப்புதூருக்குப் போலாம்."

"அங்கேயா? அந்த ஊருக்கு இன்னும் கரண்டே வரவில்லையே! கம்பமே இல்லாத ஊரில் என்ன வேலை?" சீனிவாசலுவின் மெல்லிய குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"தாகமா இருக்குதுங்க" என்றார் திருமூர்த்தி.

*

ஊர் எல்லையில் தடத்தின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. தோரணத்தைத் தாண்டினால் ஒரே நிசப்தம். பட்டப்பகல், மணி இரண்டு. காடுகழனியில் ஒரு ஆள் இல்லை. ஏர் பூட்டவில்லை, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடவில்லை. உமருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இப்போது நம்பிக்கை வந்தால் தள்ளிவிடவும் தெம்பு கிடையாது.

"சார், ஊரைக் காலி பண்ணிட்டாங்களா, இல்லே காலி பண்ண வெச்சுட்டாங்களா?"

"பேசாம வாடா."

எதிரே ஒரு பெண்பிள்ளை வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஈரப் புடவை, தலையில் மஞ்சள் தண்ணீர்க் குடம், குடத்தின் வாயில் வேப்பிலைக் கொத்து.

"ஏனுங்க அம்மணி, எங்கீங்க போறீங்க?" என்று திருமூர்த்தி இறங்கிக் கேட்டார்.

"கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போறேனுங்க."

உமரின் கால் பிரேக்கில் இருந்து நழுவியது. கம்பத்துக்கா? தண்ணீரா? கரண்டுக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். போன மாசம் ஒரு மாடு செத்துப்போயிற்று. "அம்மா, வேண்டாம்மா, ஷாக் அடிக்கும்!" என்று அலறினான்.

அவள் குடம் தளும்பச் சிரித்தாள். "ஏங் கண்ணு, ஆத்தா எதுக்கு அடிக்கறா? நல்லதுதான் செய்வா. வா, வந்து பாரு."

பழனியாத்தாள் என்று பேர் சொன்ன அவள் முன்னால் நடக்க, மூவரும் பின்னால் போனார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை. மேலே மூன்று கிளையாகப் பிரிந்து, பட்டை உரித்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி நின்றது. பழனியாத்தாள் அதன் தலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதுதானுங்க கம்பம்" என்றாள்.

உமருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து கரண்டுக் கம்பம் கம்பமாகக் காரை நிறுத்தியது ஞாபகம் வந்தது.

"மாரியாத்தா நோம்பி எப்பச் சாட்டினீங்க?" என்றார் திருமூர்த்தி.

"போன செவ்வாக்கெழமைங்க. ஊருக்கெல்லாம் தமுக்கடிச்சுச் சாட்டிக் கம்பம் நட்டாச்சுன்னா, பொங்கல் வெச்சுக் கம்பத்தப் புடுங்கற வரைக்கும் மம்முட்டி மண்ணுல படக் கூடாதுங்க. ராத்திரி ஒருத்தரும் ஊரு தாண்டித் தங்கக் கூடாது. கொழம்புக்குக் கடுகுகூடத் தாளிக்கறதில்லீங்க."

"போன வருஷம்?"

"இதே பங்குனிதானுங்க. நோட்டீஸு போட்டமே, உள்ள ஒட்டியிருக்குது பாருங்க."

எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டீஸைத் திருமூர்த்தி வாய்விட்டுப் படித்தார். மார்ச் பதின்மூன்று, செவ்வாய், சாட்டு, கம்பம் நடுதல். மார்ச் இருபத்தெட்டு, புதன், பொங்கல்.

சர்க்கார் சொன்ன பதினாலும் இருபத்தேழும் அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மூன்று மைல் மண் வெட்டியதாக எழுதியிருந்த அந்தப் பதினாலு நாளும் இந்த ஊரில் ஒரு மண்வெட்டி பூமியைத் தொட்டிருக்காது.

"அப்போ கைநாட்டு?" என்றான் உமர்.

"பஞ்சத்துக்குக் கம்பு தாரோமுன்னு சொல்லி, வரிசைல நிக்க வெச்சு எல்லாருகிட்டயும் வாங்கிப்போட்டாங்க. என்ற வெரலும் அதுல இருக்குதுங்க. கம்புதான் இன்னும் வல்லே."

"கம்புக்குக் கைநாட்டு வாங்கினவனுக்குக் கம்பம் தெரியலே பாருங்க சார்!" என்றான் உமர். பயத்திலும் அவனுக்கு வாய் நிற்காது.

திருமூர்த்தி சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி சீனிவாசலுவைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊருங்க?"

"பல்லாரி. உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். கார்டைப் படிச்சது அஞ்சு பேர். எழுதின அங்கப்பன். பட்டுவாடா பண்ணின தபால்காரன், அவன் பல்லடத்துக்காரன். நான். இந்த உமர். அப்பறம் நீங்க. இந்தச் சீமையில பொறந்தவன் பங்குனி மாசத்துல 'கம்பத்தைக் கேளு'ன்னு படிச்சா, மாரியாத்தா கோயிலுக்குத்தான் ஓடுவான். கரண்டுக் கம்பத்தைத் தோண்ட மாட்டான். தோண்டினது வெளியூர் ஆள் மூளை."

"சார்! நானும் வெளியூர்தான்!" என்றான் உமர் நடுங்கிப்போய்.

"நீ தோண்ட மாட்டே. சோத்துப் பானையத் தவிர எதுக்கும் குனிய மாட்டே." திருமூர்த்தியின் கண் சீனிவாசலுவை விட்டு அகலவில்லை. "கார்டு முந்தாநாளே வந்துடுச்சு, முத்திரை சொல்லுது. ஒரு நாள் பூரா ஆள் வெச்சுத் தோண்டிப் பார்த்தீங்க. கெடைக்கலே. கவுண்டர் தந்தியும் வந்துடுச்சு. சரி, அந்தத் துப்பறியறவனே அங்கப்பனக் கண்டுபிடிச்சுத் தரட்டும்னு எங்கிட்ட வந்தீங்க. கார்டைப் படிச்சப்பவே எனக்குக் கம்பம் எதுன்னு தெரியும். யாரு தோண்டினதுன்னு தெரிய வேண்டியிருந்துது. உங்களைப் பட்டணத்துல விட்டுட்டு வந்தா நீங்க தந்தி ஆபீஸை மறிச்சுக்கிட்டு நின்னுக்குவீங்க, அதான் கூடவே கூட்டிட்டு வந்தேன்."

"எனக்காவது சொல்லியிருக்கலாமில்லே சார்?" உமருக்கு அழுகையே வந்தது.

"சொல்லியிருந்தா உன் மூஞ்சியே அவருக்குக் காட்டிக் குடுத்திருக்கும்."

சீனிவாசலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. உமரை அதுதான் பயமுறுத்தியது.

"கெட்டிக்காரர்தான். ஆனால் வழி காட்டியது நீங்கள்தானே?" என்று அவர் ஊர் எல்லைப் பக்கம் கையைக் காட்டினார். "காண்டிராக்டரின் கார் காலையிலிருந்து பின்னாலேயே வருகிறது. மைசூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த ஆட்கள், நாலு பேர். ஊருக்குப் பாதை ஒன்றே ஒன்று. நாளைப் பதினொரு மணி வரை எந்த அங்கப்பனும் எந்தக் காகிதமும் அதைத் தாண்டாது. தாண்டப் பார்த்தால், அன்றைக்குத் தலைப்பாகை மட்டும் கிடைத்தது. இன்றைக்குத் தலையும் கிடைக்கும்."

வேப்பிலைத் தோரணத்துக்கு அப்பால் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கார் ஒன்று தடத்தை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது.

திருமூர்த்தி பொடி டப்பியைத் திறந்தார். பொடி பாதி தரையில் கொட்டியது. அவர் பொடி சிந்தி உமர் இதுவரை பார்த்ததில்லை. எஜமானுக்கே பயம் என்றால் இனி யாரைப் பார்த்துத் தைரியம் கொள்வது? "அந்த நாலு பேரை நான் எதிர்பார்க்கலே" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

கம்பத்தைச் சுற்றி மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் எழுந்தான். முகமெல்லாம் மஞ்சள், நெற்றியில் பச்சிலைக் கட்டு.

"நாந்தானுங்க அங்கப்பன்" என்றான்.

அவன் சொன்னதும் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எழுந்தார்கள். முந்நூறு பேர் சீனிவாசலுவைச் சுற்றி நெருங்கினார்கள். காரியதரிசி முதல் தடவையாக ஒரு அடி பின்வாங்கினார்.

"அடிச்சாங்க, தப்பிச்சு இங்க ஓடியாந்துட்டேனுங்க" என்றான் அங்கப்பன். "சாட்டுக்குள்ள ஊரு பூரா ஊருலயே இருக்கும். ஒருத்தனத் தூக்கிட்டுப் போனா முந்நூறு கண்ணுக்குத் தெரியுமுங்க. அதனாலதான் உசுரோட இருக்கறேன்."

"அங்கப்பா, இன்னிக்கு ராத்திரி மெயில் ரயில்ல நீ மெட்ராஸ் வந்து கவுண்டர்கிட்ட நேர்ல சொன்னாத்தான் நல்லது. சண்டை போட்டாவது கூட்டிட்டுப் போறோம்" என்றார் திருமூர்த்தி.

அங்கப்பன் தலையை ஆட்டினான். "மாட்டேனுங்க."

"வெளியே சொல்லாம விட்டா, நோம்பி முடிஞ்ச மறுநாள் உன்னைக் கொன்னுபோடுவானுக!"

"கொல்லட்டுமுங்க. கம்பம் நிக்கறப்ப ராத்திரி ஊரு தாண்டமாட்டேன். உசுருக்குப் பயந்து ஆத்தாள விட்டுட்டுப் போகச் சொல்றீங்களாக்கு?"

என்ன மடத்தனம் என்று உமருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிர் போகும் என்கிறார்கள், இந்த மனுஷன் கட்டையைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்கிறானே! அடுத்த கணம் அந்தக் கோபம் அப்படியே நின்றது.

"சார்..." என்றான். "உயிருக்கே தாண்ட மாட்டேங்கிறவன், மூணு அணாக் கூலிக்கா மண்ணை வெட்டியிருப்பான்? இவர் மெட்ராஸுக்கே வர வேண்டாம் சார். வரமாட்டேங்கிறதுதான் சாட்சி. கவுண்டர் இந்தச் சீமைக்காரர்தானே? 'சாட்டு', தேதி, இந்த ரெண்டும் அவர் காதில விழுந்தாப் போதும்."

திருமூர்த்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வருஷமாச் சோறு போட்டது வீண் போகலேடா. தேதியைச் சர்க்காரே அச்சடிச்சுக் குடுத்துடுச்சு, இனி மாத்த முடியாது. நாளைக்கு அந்தத் தேதி சபைல உடைஞ்சுதுன்னா, அப்பறம் அங்கப்பனைக் கொன்னு ஒருத்தனுக்கும் பிரயோஜனம் இல்லே." பிறகு அவர் குரல் தணிந்தது. "தந்தி ஆபீஸ் அஞ்சு மணிக்குச் சாத்துவாங்க. இந்த மனுஷனை விட்டுட்டு நான் நகர முடியாது."

அதன் அர்த்தம் உமருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும், "நாகூர் ஆண்டவரே!" என்று உட்கார்ந்துவிட்டான்.

*

சீனிவாசலுவை ஊரார் பிடித்து வைத்துக்கொள்ள, உமர் தனியாக வேப்பிலைத் தோரணத்தைத் தாண்டியபோது மணி நாலேகால். நாலு பேரும் தடத்தில் நின்றார்கள். ஒருவன் கையில் இரும்புத் தடி. அவன் காரின் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.

இறக்கினார்கள். ஸீட்டைத் தூக்கினார்கள், பின்னால் சாமான் பெட்டியைத் திறந்தார்கள், அடியில் குனிந்து பார்த்தார்கள். அங்கப்பன் இல்லை. உமரின் சட்டைப் பையில் கையை விட்டார்கள். அங்கப்பனின் கார்டும், ஊரார் கைநாட்டு வைத்து எழுதிக் கொடுத்த காகிதமும் வந்தன. தடிக்காரன் இரண்டையும் நாலாகக் கிழித்துப் புழுதியில் போட்டான்.

"அங்கப்பன் வர்றானா?"

"வ... வரமாட்டாராம். ராத்திரி ஊரு தாண்டக் கூடாதாம். கம்பத்துக்கு ஆகாதாம்." உமர் உள்ளதை உள்ளபடியே சொன்னான். பொய் சொல்ல நாக்குப் புரளவில்லை. பல் தந்தி அடித்தது, முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதின, கண்ணில் தண்ணீர் தளும்பியது. எதுவும் நடிப்பில்லை.

தடிக்காரன் கூட்டாளிகளைப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ சொன்னான். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் உமரின் பிடரியில் ஒன்று வைத்துக் காருக்குள் தள்ளினான். ஆளும் இல்லை, காகிதமும் இல்லை, இந்தப் பயந்தாங்கொள்ளி போனால் என்ன, இருந்தால் என்ன? கறுப்புக் காரை ஓரம் கட்டினார்கள்.

அரை மைல் போனதும் உமர் காரை நிறுத்தி, இறங்கி, வேலியோரம் வாந்தி எடுத்தான். பிறகு ஏறி, அந்தக் காருக்கு இருந்த வேகம் முழுவதையும் பிடுங்கினான்.

தந்தி ஆபீஸில் மணி நாலு ஐம்பத்தைந்து. கம்பிக்குப் பின்னால் சுப்பண்ணன் என்கிற குமாஸ்தா மைப்புட்டியை மூடிக்கொண்டிருந்தார். உமர் தந்திப் பாரத்தை வாங்கி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதினான்.

'பாலுசாமி எம்.எல்.சி. மெட்ராஸ். கரட்டுப்புதூர் சாட்டு மார்ச் பதின்மூன்று. பொங்கல் இருபத்தெட்டு. கம்பம் சாட்சி. திருமூர்த்தி.'

சுப்பண்ணன் பென்ஸிலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டி எண்ணினார். பாதியில் பென்ஸில் நின்றது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இவரும் அவர்கள் ஆளோ? சர்க்கார் உத்தியோகஸ்தர், சர்க்காரைப் பற்றிய தந்தி!

"ஏனுங்க, கம்பம் சாட்சின்னா, எதுக்குங்க சாட்சி?"

மறைக்க உமரிடம் தெம்பு இல்லை. "கரட்டுப்புதூர்க்காரங்க போன வருஷம் இந்த ரெண்டு தேதிக்கு நடுவிலே பதினாலு நாள் மண்ணு வெட்டி ரோடு போட்டாங்களாம். சபையிலே சர்க்கார் சொல்லுது."

சுப்பண்ணன் பென்ஸிலைக் கீழே வைத்தார். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"கம்பம் நட்டதுக்கப்பறமா?"

"ஆமாங்க."

"மம்முட்டி எடுத்தாங்களாமா?"

"அப்படித்தான் அச்சடிச்சிருக்காங்க."

அவர் காது மடல் சிவந்துகொண்டே வந்தது. "மந்திரி பக்கத்துல உக்காந்திருக்கற மெம்பருங்கல்ல நம்ம ஜில்லாக்காரங்க எத்தனை பேருங்க?"

"ஆறு பேருன்னு கவுண்டர் சொல்லுவார்."

"அந்த ஆறு பேரு ஊருலயும் இப்பக் கம்பம் நிக்குதுங்க. அதுல ஒருத்தரு எந்திரிச்சு, ஆமா, வெட்டினாங்கன்னு சொல்லட்டும் பாக்கலாம்!" சுப்பண்ணன் உட்கார்ந்து, தந்திக் கருவியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "சொல்லிப்போட்டு ஊருக்குள்ள எப்படீங்க போவாங்க?"

சுவரில் மணி ஐந்து அடித்தது. அவர் அதைக் கவனிக்காமல் தட்ட ஆரம்பித்தார்.